ஏலக்காய் ஸ்டோரின் இளஞ்சூடு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகை மாதம். போடியில் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தேன். பாக்டீரியாவை அழிக்கும் 'பேஜ்' என்ற வைரஸைச் சாக்கடைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். எனக்கும் என் தோழிக்கும் கொடுத்த புராஜெக்ட் அதுதான். வடிகட்டிய தண்ணீரைப் பாக்டீரியாவோடு கலந்து கண்ணாடித் தட்டில் ஊற்றி உடம்புச் சூட்டில் வைத்தால், தட்டு முழுக்க வெளுத்த படலம் வளரும். பேஜ் இருக்கிற இடத்தில் மட்டும் பாக்டீரியா செத்துத் துளை விழும். எங்கள் மைக்ராஸ்கோப்பில் அந்த வைரஸ் தெரியாது, துளைதான் சாட்சி.

மறுநாள் தேர்வாளர் வருகிறார். காற்றிலும் மழையிலும் மின்கம்பங்கள் சாய்ந்து ஊரில் கரண்ட் இல்லை. சூடு தரவேண்டிய இன்குபேட்டர் வெறும் பெட்டியாக நின்றது. உள்ளே அரிக்கேன் விளக்கை வைத்துப் பார்த்ததில் பாதித் தட்டுகள் வெந்தே போயின. மிச்சத்திலும் துளை விழாவிட்டால் மார்க் கிடையாது, எம்.எஸ்சி.யும் கிடையாது. வீட்டில் ஏற்கெனவே ஜாதகம் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

தோழிக்குச் சொந்த ஊர், போடிக்கு மேலே மலையில் இருக்கும் குரங்கணி. "எங்கூர்ல ஏலக்கா ஸ்டோரு இருக்குடி. எந்நேரமும் கணகணன்னு இருக்கும். வெரசா கெளம்பு" என்றாள். பச்சை ஏலக்காயை விறகுச் சூட்டில் உலர்த்துகிற கட்டடத்தைத்தான் அங்கே ஸ்டோர் என்பார்கள். தட்டுகளைத் துண்டில் சுற்றி ஒயர் கூடையில் அடுக்கி, காலையிலேயே ஜீப் ஏறினோம். வழி முழுக்க மடியில் பிள்ளையை வைத்திருப்பதைப் போல அந்தக் கூடையை வைத்திருந்தேன்.

ஸ்டோரில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தோழிக்கும் பழக்கமில்லாதவர். இது என்ன என்று கேட்டார். சாக்கடை என்று சொல்லிவிடாதே என்பதற்காகத் தோழி என் இடுப்பில் கிள்ளினாள். நாலு பேர் வாயில் போடுகிற ஏலக்காய் இருக்கும் இடம். மனசு கேட்கவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டேன். வயிற்றைக் கெடுக்கிற கிருமிகளைக் கொல்லும் ஒன்றைத் தேடுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் காய் இருக்கும் அறைக்குள் வேண்டாம் என்றார். பிறகு அடுப்பறையை ஒட்டிய முன்னறையில், சூடேறிய சுவரோரம் காய்ந்துகொண்டிருந்த தன் துணிகளை எடுத்துவிட்டு இடம் கொடுத்தார். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தோம், சரியான சூடு.

அதன்பின் காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. கதவு வழியாக மூடுபனி உள்ளே வரும், சுவர்ப் பக்கம் வந்ததும் காணாமல் போகும். ஏலக்காய் வாசம் தலைக்குள் ஏறிக் கிறக்கியது. அவர் கொடுத்த, பால் விடாத கட்டன் சாயாவைக் குடித்துவிட்டுச் சாக்குமேல் சாய்ந்தேன். தூங்கினேனா விழித்திருந்தேனா தெரியாது. மலை மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. பரீட்சை, ஜாதகம் எல்லாம் வேறு யாருடையதோ என்று தோன்றியது.

வெளிச்சம் இறங்குவதற்குள் தோழி என்னை உலுக்கினாள். தட்டை வாசலுக்குக் கொண்டுவந்து தூக்கிப் பிடித்தோம். புழுதியில் முதல் தூறல் விழுந்த மாதிரி துளைகள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவரும் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதக் குடுத்தா வயித்தால போறது நின்னுருமா தாயி?"

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். போன மழைக்காலத்தில் அவருடைய சின்ன மகள் பேதி கண்டு, ஜீப் போடி போய்ச் சேருவதற்குள் இறந்துவிட்டாளாம். ஆமாம் என்று சொல்ல அவ்வளவு ஆசையாக இருந்தது.

"இல்லண்ணே. இது இன்னும் மருந்தாகல" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். உள்ளே போய்த் தன் கம்பளியை எடுத்துவந்து கூடையைச் சுற்றிப் போர்த்தினார். "வெளிய குளுருது. சூடு போயிராம கொண்டு போங்க" என்றார். துளை விழுந்த பிறகு தட்டுக்குச் சூடே தேவையில்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேர்வில் ஜெயித்தோம். இன்று ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன். வயிற்றுப்போக்கு என்று ஏதாவதொரு குழந்தையின் சாம்பிள் என் மேஜைக்கு வந்தால், அதை நாளைக்கு என்று ஒருநாளும் தள்ளி வைத்ததில்லை.