கோழிக்குக் கீழே விரித்த பத்திரிகை

மருதமுனையில் சுஹறா குடியிருந்த வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது. வளவு அவளுடையது, கிணறு அவளுடையது, வளவில் மேய்ந்த கோழிகளும் அவளுடையவை. கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்த அபூசாலி தன் பங்குக்குக் கொண்டுவந்தது சட்டம் மட்டுந்தான். எந்தக் கறிக்கு எவ்வளவு உறைப்பு என்பதுவரை அவர் தீர்ப்பு. இதை ஊரில் ஒருவரும் விசித்திரமாக நினைத்ததில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு மாரியில் அவர் கோழிகளுக்கும் தீர்ப்புச் சொன்னார். முட்டையிட வைத்திருந்த தேயிலைப் பெட்டியின் வெறும் பலகையில் விழுந்து முட்டைகள் வெடித்துக்கொண்டிருந்தன.

"வெள்ளிக்கிழம மரைக்கார்மார் பகல் சாப்பாட்டுக்கு வாறாங்க. அதுக்குள்ள வெடிக்காத முட்ட எடுத்துக் காட்டு. இல்லாட்டி எல்லாக் கோழியையும் அறுத்து ஆக்கிடுவம்."

பள்ளிவாசலை நிருவகிக்கும் அந்த மரைக்கார்மாரின் வயிற்றுக்கும் தன் கோழிகளின் கழுத்துக்கும் இடையில் ஒரு மெத்தைதான் நிற்கிறது என்பது சுஹறாவுக்கு விளங்கியது.

முதலில் உமி போட்டாள். கோழிகள் அதைச் சீய்த்து வெளியே தள்ளிவிட்டுப் பலகையிலேயே குந்தின. மணல் போட்டாள். குளிக்கத்தான் போட்டிருக்கிறாள் என்று நினைத்து உருண்டு புரண்டன. வைக்கோல் மழையில் ஊறிப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. பக்கத்து வீட்டு நதீரா, தறியில் கழிந்த நூலை ஒரு கூடை தந்தாள். மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் சிவப்புப் பேடு இரண்டு காலிலும் நூல் சுற்றி, புதுச்சாரம் உடுத்த மாப்பிள்ளை மாதிரித் தத்தித் தத்தி வளவைச் சுற்றி வந்தது.

மிஞ்சியது பத்திரிகை. அந்த வீட்டுக்கு நாளாந்தம் வந்த பத்திரிகையை அபூசாலி வாசிப்பார், நெஞ்சில் போட்டுக்கொண்டு தூங்குவார், பிறகு அது மீன் சுற்றப் போகும். நடுவில் ஒரு பெண்ணின் கைக்கு அது வரவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. சுஹறா எடுத்துக் கிழிக்கத் தொடங்கினாள்.

"என்னகா செய்றாய்? அதில அல்லாஹ்ட பேர் இரிக்கும். கோழி பீச்சுமே!" என்று அபூசாலி பதறினார்.

"பேர் உள்ள பக்கத்த எடுத்து வைக்கிறன்."

"எந்தப் பக்கத்தில இரிக்கெண்டு உனக்கு எப்புடித் தெரியும்?"

"வாசிச்சித்தான்."

சுஹறா உட்கார்ந்து ஓர் எழுத்து விடாமல் வாசித்தாள். மரண அறிவித்தல் முழுக்க அல்லாஹ்வின் பேர் தாங்கிய அப்துல்லாக்களும் அப்துர் றகுமான்களும் நிறைந்திருந்தார்கள், அது ஒதுக்கப்பட்டது. கடைசியில் அப்படியொரு பேரும் இல்லாமல் தப்பியது சினிமாப் பக்கம். அதை மடித்துப் பெட்டிக்குள் விரித்தாள்.

அபூசாலி குனிந்து பார்த்தார். சிவப்புப் பேட்டின் வாலுக்குக் கீழே ஒரு நடிகை சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உருவப்படம்! இது இரிந்தா வானத்து மலக்குமார் ஊட்டுக்குள்ள வரமாட்டாங்ககா!"

"நேத்துப் பகல் இந்தப் பொம்புளய நெஞ்சில வெச்சிக்கிட்டுத்தானே நித்திர கொண்டீங்க? அப்ப மலக்குமார் எங்க நிண்டாங்க, கேற்றடியிலயா?"

வேலிக்கு அப்பால் நதீராவின் தறி சட்டென்று நின்றது. அபூசாலி தொப்பியைச் சரிசெய்துகொண்டு தெருவுக்குப் போனார்.

அதன் பிறகு சுஹறா நாளாந்தம் பத்திரிகையை வாசித்துப் புதுப் பக்கம் மாற்றினாள். வெள்ளிக்கிழமை காலையில் பெட்டிக்குள் முட்டைகள் முழுசாகக் கிடந்தன. அபூசாலி ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே குலுக்கினார். ஒரு கீறலும் அகப்படவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறைச்சிக்கடைக்குப் போனார்.

பகல் சாப்பாட்டில் மசூர் மரைக்கார் குரலைத் தாழ்த்தினார். "பெரிய புயலொண்டு வருதாம் அபூசாலி. விசேஷமா துஆ ஓதணும். ஊட்டுக்கொரு கொத்து அரிசி எடுப்பம்."

"அந்தப் புயல் வடக்க திரும்பிப் போயிட்டுதே," என்றது குசினிக்குள் இருந்து ஒரு குரல். "நேத்துப் பேப்பர்ல போட்டிரிக்கி."

"பேப்பரா? ஆரு வாசிச்ச?" என்றார் மசூர்.

"நான்தான். கோழிக்குப் போட முன்ன."

அரிசி பற்றிய பேச்சு அதோடு ஓய்ந்தது. விருந்தாளிகள் போனதும் அபூசாலி குசினி வாசலுக்கு வந்தார்.

"நாளைக்கி மில்லில மரத்தூள் கொண்டாறன். பேப்பர் வேணாம்."

"மரத்தூள் கோழிர கண்ணுக்குள்ள போகும்."

"அப்ப சவுக்கம் இல?"

"வயித்தில குத்தும். குத்தினா எழும்பி நிண்டு முட்ட போடும், முட்ட வெடிக்கும். வெடிச்சா அறுக்கணும் எண்டு நீங்கதானே சொன்ன?"

அபூசாலி கையிலிருந்த அன்றைய பத்திரிகையை நீட்டினார். அதை அவர் இன்னும் வாசித்து முடித்திருக்கவில்லை.