குனிய வைக்கிறவவும் நிமிர வைக்கிறவவும்

"இண்டைக்கு முதல்லை ஆர் காட்டுறது? குனிய வைக்கிறவவோ, நிமிர வைக்கிறவவோ?"

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் தன் கணவரிடம் கேட்டது இது. நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது. "நிமிர வைக்கிறவவாம்" என்றார் கணவர். "அப்பாடா" என்றார் மனைவி.

குனிய வைக்கிறவள் நான்தான். தீவுப் பகுதிச் செடிகளை ஆட்களுக்கு நடந்து நடந்து காட்டுவது என் வேலை. எங்கள் மண்ணின் செடிகளில் அனேகமானவை முழங்காலுக்குக் கீழேதான் நிற்கும் என்பது இந்தத் தொழிலின் முதல் கஷ்டம். இரண்டாவது கஷ்டம் மங்களம், பெரிய மரங்களையே காட்டி ஆட்களை நிமிர வைக்கிறவள். பல்கலைக்கழகத்தில் என் வருஷம். நான் படித்தது தாவரவியல். அவள் படித்தது தமிழ். பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் காத்திருந்த எங்கள் இருவரையும் ஒரு சங்கம் வழிகாட்டிகளாக வைத்திருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு. அந்த ஒரு ஞாயிறு இல்லையென்றால் வீட்டுப் படலையைத் திறப்பதற்கு எனக்கு வேறு காரணமில்லை.

அதற்கும் ஒருநாள் ஆபத்து வந்தது. "ரண்டு பேரும் ரண்டு பக்கம் சனத்தை இழுத்தா நேரத்துக்கு லோஞ்சுப் படகைப் பிடிக்க ஏலாது" என்றார் சங்கச் செயலாளர். "வாற நெடுந்தீவுப் பயணத்திலை ஆரோடை கூடச் சனம் போகுதோ, அவவே இனி நடத்தட்டும்."

உங்களில் யாராவது சின்னக் குரலோடு பிறந்து, பெரிய குரல்காரி ஒருத்தியுடன் ஒரே வேலையில் அகப்பட்டிருந்தால், மேலே சொல்லப் போவது புதிதாக இராது.

சாட்டியில் ஒரு கேள்வி

அதற்கு முந்திய ஒரு ஞாயிறு, சாட்டிக் கடற்கரையில் இராவணன் மீசைப் புல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, அது மணலை எப்படிப் பிடித்து வைக்கிறது, அதன் முள்ளுப்பந்து காற்றில் எப்படி உருண்டு போய் விதை போடுகிறது என்று சொல்லி முடித்தேன். தொண்டை வறண்டுவிட்டது. யாரும் அசையவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் பெரிய சந்தோஷம். கடைசியில் ஓர் அம்மா கையை உயர்த்தினார்: "இதை வறை வறுக்கலாமோ, ரீச்சர்?"

இல்லை என்பதை நான் மூன்று காரணங்களோடு விளக்கினேன். அதற்குள் பாதிப்பேர் மங்களத்தின் பக்கம் போய்விட்டார்கள். அங்கேயும் அதே கேள்வி. "வறுக்கலாம் அக்கா, வறுத்தாப் பிறகு தின்னத்தான் ஏலாது" என்றாள் அவள். கடற்கரை முழுக்கச் சிரிப்பு. என்னோடு மிஞ்சியிருந்த ஒருவர் அந்தப் பக்கத்தை ஏக்கத்தோடு பார்த்துச் சொன்னார்: "அந்தப் பிள்ளை எவ்வளவு சோக்கா விளங்கப்படுத்துது!"

மண்டைதீவுச் சேறு

அலையாத்தி இனத்துக் கண்ணா மரத்தைச் சுற்றிச் சேற்றில் விரல்விரலாக நீட்டிக்கொண்டு நிற்கும் வேர்களை உங்களுக்குத் தெரியும். சேற்றுக்குள் காற்றில்லை, அதனால் வேர் மேலே வந்து மூச்சுவிடுகிறது. பஸ்ஸில் வரும்போது இதை மங்களத்துக்கு நான்தான் சொன்னேன். பண்ணைப் பாலம் தாண்டுவதற்குள் அவளுக்குப் பாடமாகிவிட்டது.

மண்டைதீவில் என் முறை வந்தபோது வாயைத் திறந்தேன். காற்று என் சொற்களை அப்படியே கடலுக்குக் கொண்டுபோனது. மங்களம் முன்னால் வந்தாள். "நல்லூர்த் தேர்ச் சனத்துக்குள்ளை நசிபட்ட கட்டைப் பிள்ளையள் மூக்கை மட்டும் மேலை நீட்டுற மாதிரி" என்றாள். நான் நாலு வருஷம் படித்ததில் எனக்கு இந்த ஒரு வரி வரவில்லையே என்று வயிறு எரிந்தது. இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் என் அருகே வந்து, அக்கறையோடு, மெதுவாகச் சொன்னார்: "வெக்கப்படாமல் அவவிட்டைக் கேட்டுப் படியும் பிள்ளை."

ஒரு மரத்தோடு போட்டி

மனிதர்மேல் பொறாமைப்படுவது வழக்கம். நான் நெடுந்தீவில் ஒரு மரத்தின்மேல் பொறாமைப்பட்டேன். பெருக்கமரம். எங்கள் ஊர் மரமே அல்ல; அரபு வியாபாரிகள் கொண்டுவந்தது என்பார்கள். யானைக்கால் மாதிரி அடிமரம், உள்ளே ஆள் புகுந்து நிற்கலாம். அதற்குள் புகுந்து மங்களம் ஒரு பாட்டெடுத்தால் மரமே பாடுவது போலிருக்கும். சனம் வேறெதைக் கேட்கும்?

முன்னொரு பயணத்தில், அந்த மரத்துக்குப் போகும் வழியில் நான் ஒரு தரைப்பூண்டைக் காட்டி, பூவைப் பாருங்கள், ஒரு அரிசிக்குறுணி அளவுதான் என்றேன். ஓர் இளைஞர் நடையை நிறுத்தாமலே சொன்னார்: "உங்கடை செடியள் வளர்ந்தாப் பிறகு வந்து பார்க்கிறம், ரீச்சர்."

என் கூட்டம்

செயலாளர் சொன்ன அந்தப் பயணத்தன்று நெடுந்தீவுத் துறையில் அவர் நடுவில் நின்றார். மங்களம் கையை உயர்த்தினாள். சனம் முழுக்க அவள் பின்னால் போனது. என் பக்கத்தில் ஒரே ஒருவர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெற்றிலைப் பையோடு, மங்களத்தின் தாய்.

"நீங்கள் அங்கை போகேல்லையோ, மாமி?" என்றேன்.

"விடிஞ்சாப் பொழுதுபட்டா வீட்டிலை அவளின்ரை குரல்தான். இங்கையாவது காது ஆறட்டும் பிள்ளை."

கரையோரமாக நடந்தோம். வறை வறுக்கலாமோ என்று அவர் ஒன்றையும் கேட்கவில்லை. காற்று மணலை அரித்த ஓரிடத்தில் சாயவேர்ச் செடி ஒன்று வேர் தெரியக் கிடந்தது. ஒல்லாந்தர் காலத்தில் இந்த வேரைத் தீவுகளில் கிண்டியெடுத்துத் துணிக்குச் சிவப்புச் சாயம் போட்டார்கள் என்றேன். மங்களத்துக்கு நான் சொல்லிக்கொடுக்காமல் வைத்திருந்த ஒரே செடி அது. மாமி ஒரு துண்டு வேரை ஒடித்தார். வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, வேரால் தேய்த்தார். கை சிவந்தது. அந்தச் சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "இவ்வளவு நாளும் இதை ஏன் எங்களுக்கு ஒருத்தரும் காட்டேல்லை?"

திரும்பும் லோஞ்சில்

செயலாளர் எழுந்து மங்களத்தின் பெயரைச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அப்போதுதான் மங்களம் தாயின் கையைக் கண்டாள்.

"என்ன அம்மா, ரத்தமே?"

"சாயவேர். இந்தப் பிள்ளை காட்டினது."

மங்களம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தினமும் கண்ணாடியில் பார்க்கிற பார்வை அது. அவள் முகத்தில் முதல்தடவையாகக் கண்டேன். "இதை எனக்கு நீர் சொல்லேல்லையே" என்றாள். அடுத்த கணமே அவளுடைய மேடைக்குரல் வந்துவிட்டது. "எல்லாரும் இஞ்சை பாருங்கோ! அடுத்த மாசம் உங்களுக்கு இதைத்தான் காட்டப் போறன். வேரைத் தாங்கோ அம்மா!"

சனம் எழும்பியது. லோஞ்சு ஒரு பக்கம் சாய, "இருங்கோ, இருங்கோ!" என்று லோஞ்சுக்காரர் கத்தினார். மங்களம் கையை நீட்டியபடி நின்றாள்.

அவளுடைய தாய் அந்த வேரை ஒரு வெற்றிலையில் வைத்துச் சுருட்டி, இடுப்புச் சேலைக்குள் செருகிக்கொண்டார்.