சொல்லிக்கொண்டு போகிறவர்

சீவரத்தினம் அண்ணை இரண்டு உள்ளங்கையையும் முழங்காலில் ஊன்றிவிட்டார். புறப்படப் போகிறார் என்று அர்த்தம். அவரை அறிந்தவர்கள் இதைக் கண்டு அவசரப்பட மாட்டார்கள். உலை வைக்க நினைத்திருந்தால் வைக்கலாம், இன்னும் நேரம் கிடக்கிறது. கதிரையை விட்டு எழும்பி "அப்ப போட்டு வாறன்" என்பார். அது முதலாவது. வாசற்படியில் செருப்பை மாட்டும்போது இரண்டாவது. முற்றத்து மாமரத்தடியில் நின்று, வந்த விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசி முடித்தபின் மூன்றாவது. வேலிப் படலையில் கை வைத்துக்கொண்டு நான்காவது. சைக்கிளில் ஏறிப் பத்து யார் தூரம் போய், ஒற்றைக் காலை ஊன்றித் திரும்பி, "அப்ப வாறன் என்ன" என்பது ஐந்தாவது. வீட்டுக்குள்ளிருந்து யாராவது "ஓம், போட்டு வாங்கோ" என்று குரல் கொடுத்தால்தான் பெடலை மிதிப்பார். கொடுக்காவிட்டால், காதில் விழவில்லையாக்கும் என்று திரும்பி வருவார்.

போய்விட்டு வருகிறேன் என்பதைத்தான் நாங்கள் போட்டு வாறன் என்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஒருவரும் "போறன்" என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டு இறங்குவதில்லை. அப்படிச் சொன்னால் திரும்பி வராத போக்கு. ஆகவே அண்ணை எங்களுக்கு இல்லாத பழக்கம் ஒன்றையும் புதிதாகப் பிடிக்கவில்லை. எங்களுக்கு ஒரு தடவை போதும், அவருக்கு ஐந்து வேண்டும்.

வயது அறுபத்தாறு. நீர்வேலியில் எட்டுப் பரப்புக் காணியில் கதலி வாழைத் தோட்டம். சைக்கிள் ஹாண்டிலில் தொங்கும் பையில் எந்நேரமும் ஒரு சீப்புப் பழம் இருக்கும். வெறுங்கையோடு ஒரு வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டார். வங்கியில் காசு எடுக்கும் மெஷினைப் பார்த்து "போட்டு வாறன்" சொன்னதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பிய டொக்டரிடமும் சொல்லி, "நீங்கள் வராமல் இருக்கிறதுதான் எனக்கு விருப்பம்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். லைட் இல்லாமல் சைக்கிள் ஓடியதற்காக ஒருமுறை கோர்ட்டு ஏறினார். குற்றப் பணம் கட்டச் சொன்ன நீதவானைக் கும்பிட்டு, "அப்ப போட்டு வாறன் ஐயா" என்றார். நீதவானே சிரித்துவிட்டார் என்று கேள்வி.

ஏன் அண்ணை இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"தம்பி, தொண்ணூற்றைஞ்சிலை சண்டைக்குப் பயந்து ஊரே ஒரேயடியா வெளிக்கிட்டதெல்லே. ஆர் ஆருக்குச் சொல்லுறது? நான் கிணத்தடி வாழையிட்டைப் போய்ச் சொன்னனான், போட்டு வாறன் எண்டு. ஆறு மாசத்திலை வந்தனான் தானே. சொல்லாமல் போனவை எல்லாம் இப்ப எங்கை? கனடாவிலை."



இப்படிப்பட்ட மனிதர் வாயைத் திறக்கக்கூடாத இடம் ஒன்றே ஒன்று. செத்த வீடு. அங்கே போனவர் இருந்துவிட்டு, எவரிடமும் விடைபெறாமல் எழும்பி நடக்க வேண்டும். போட்டு வாறன் என்று சொன்னால், அதே காரியத்துக்கு அதே வீட்டுக்கு மறுபடி வர நேரும் என்பது எங்கள் பயம். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் இது தெரியும். அண்ணைக்கும் தெரியும். ஆனால் எழும்பியதும் வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன் கோயிலடியில் ஒரு செத்த வீடு. ஐம்பது பேர் இருந்த முற்றத்தில் இவர் எழும்பி, துண்டை உதறித் தோளில் போட்டு, தெளிவாகச் சொன்னார்: "அப்ப போட்டு வாறன்." ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு முதல்நாள் அந்த வீட்டு ஆச்சி கண்ணை மூடினார். ஆச்சிக்குத் தொண்ணூற்றுமூன்று வயது, மூன்று மாதமாகத் தண்ணீரும் இறங்கவில்லை என்பதை ஒருவரும் கருத்தில் எடுக்கவில்லை. அடுத்ததாக அண்ணை வாய் தவறிய வீட்டில் பசுமாடு செத்தது. அதற்கடுத்த வீட்டில் சாக ஆளும் இல்லை, மாடும் இல்லை. பிரிட்ஜ் நின்றுபோனது. அதையும் அவர் தலையில்தான் போட்டார்கள்.

எங்கள் குறிச்சியில் மரண உதவிச் சங்கம் ஒன்று இருக்கிறது. செத்த வீடுகளுக்குக் கதிரை, கொட்டகை, பெரிய தேத்தண்ணிக் கேத்தில் எல்லாம் நாங்கள்தான் கொடுப்பது. நான் செயலாளர். தலைவர் கனகரத்தினம், ஓய்வுபெற்ற தபாலதிபர், சீவரத்தினம் அண்ணையின் உயிர்ச் சிநேகிதன். நாற்பது வருடமாக ஞாயிறு பின்னேரம் இருவரும் கனகரத்தினத்தின் விறாந்தையில் இருந்து காட்ஸ் விளையாடுவார்கள். அந்தப் பிரிட்ஜ் நின்றுபோன பிறகு சங்கத்தைக் கூட்ட வேண்டியதாயிற்று. சிநேகிதன் என்றும் பாராமல் கனகரத்தினமே தீர்மானத்தை வாசித்தார். "ஆள் வரலாம். வாய் வரப்படாது." பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "டேய், நான் செத்தாலும் நீ வா. ஆனால் வாயைக் கட்டிக்கொண்டு வா." எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தவர் அண்ணைதான். கூட்டத்தை விட்டு வெளிக்கிடும்போது ஐந்து தடவையும் சொன்னார்.

வாயைக் கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. அவர் முழங்காலில் கை வைக்கும் நேரம் பார்த்து, இரண்டு வெற்றிலையை மடித்து வாயில் திணித்துவிட வேண்டும். முதல் செத்த வீட்டிலேயே அது பிசகியது. வெற்றிலை வாயை அடைத்தது, தொண்டையை அடைக்கவில்லை. "ம்ம், ம்ம்ம் ம்ம்ம்" என்று அதே இழுவையில், அதே ஏற்ற இறக்கத்தில் முனகினார். வீட்டுக்காரர் விறைத்துப் போனார். முனகலும் சொன்னதற்குள் அடங்குமா என்று ஆராய இரண்டாவது கூட்டம் போட்டோம். மூன்று மணித்தியாலம் நடந்தது. அடங்கும் என்று ஒரு வாக்கு வித்தியாசத்தில் முடிவானது. அந்த ஒரு வாக்கு என்னுடையது. இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதோடு அண்ணைக்கு ரோசம் வந்துவிட்டது. உலகத்தில் எங்கேயாவது செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு போகிற சனம் இருக்கும், அவர்களைத் தேடிப் பிடித்துக் கூட்டத்தில் வைக்கிறேன் பார் என்று கிளம்பினார்.

முதலில் அகப்பட்டவர் எங்கள் ஒழுங்கையில் வாடகைக்கு இருக்கும் குருநாகல்காரர், சிங்கள இஞ்சினியர். ஒரு சீப்புக் கதலி கைமாறியது. "அங்கிள், நாங்களும் போயிட்டு வாறன் எண்டுதான் சொல்றது," என்றார் அவர் தனக்கு வந்த தமிழில். "ஆனா மரண வீட்டில சொல்ல மாட்டம். பேசாம போறது." அண்ணை கைமாறிய சீப்பைப் பார்த்தார். "முப்பது வருசம் அடிபட்டனாங்கள். உதிலை மட்டும் ஒற்றுமையோ?" என்றார். பிறகு போட்டு வாறன் சொல்லத் தொடங்கினார். இஞ்சினியர் பாவம், ஐந்துக்கும் படலை வரைக்கும் வந்து நின்று, போய் வாருங்கள் என்று சிங்களத்தில் பதில் சொன்னார்.

அடுத்தவர் ஜெரிசன். பாசையூரிலிருந்து மோட்டார்சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர், வேதக்காரர். "எங்கடை ஆக்களும் உப்பிடித்தான் அண்ணை. ஜெபம் முடிஞ்சவுடனை ஆரும் ஆரையும் பாக்காமல் நழுவுறதுதான்."

"பாதர் கூடச் சொல்லமாட்டாரோ, போட்டு வாறன் எண்டு?"

"அவர் சொல்லத் தேவையில்லை. அவரை எப்பிடியும் திருப்பிக் கூப்பிடத்தானே வேணும்."

மிச்சம் இருந்த நம்பிக்கை நோர்வே. அங்கே மகள் துஷாந்தினி இருக்கிறாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவியிடம் கேட்டுச் சொல்லும்படி போனில் உத்தரவு போனது. கிழவி இரண்டு நாள் யோசித்தாராம். "கையைப் பிடிச்சுப்போட்டு, சத்தமில்லாமல் வெளியாலை வாறதாம் அப்பா. ஏனெண்டு கேட்டன். தனக்கும் தெரியாதாம்." உலகம் முழுவதும் சேர்ந்து தனக்கு எதிராக ஒரு சங்கம் நடத்துகிறது என்று அண்ணை நொந்துபோனார். அந்த ஞாயிறு காட்ஸ் விளையாடும்போது கனகரத்தினம் இதைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

மாசி மாதம் ஒரு காலை கனகரத்தினம் பேப்பர் வாசித்தபடியே போய்விட்டார். அவருக்கும் சொல்லிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை. ஒரே மகன் லோஜன் கனடாவிலிருந்து வந்து கொள்ளி வைத்தான். மகன் திரும்பிவிட்டால் அந்த வீட்டில் எஞ்சுவது கனகரத்தினத்தின் மனைவி கமலாவதி அக்கா ஒருவர்தான்.

செத்த வீட்டு நாளன்றுதான் அண்ணை தானாகவே என்னைத் தேடி வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. ஆச்சியும் பசுவும் தன்னால் சாகவில்லை என்று வாதாடித் திரிந்த மனிதர் கையை நீட்டினார். "தம்பி, வெத்திலை கொண்டந்தனியே? நாலாய் வை. அந்த வீட்டிலை இனி ஒரு உயிர்தான் இருக்கு."

செத்த வீட்டிலிருந்து முனகல்கூட இல்லாமல் போனார். அதற்குப் பிறகு முப்பது நாளும் கனகரத்தினம் வீட்டு ஒழுங்கைப் பக்கமே போகவில்லை. சந்தைக்குப் போக ஒரு மைல் சுற்றுப்பாதை எடுத்தார். நான் கேட்டதற்கு, "போனால் வெளிக்கிட வேணுமெல்லே. வெளிக்கிட்டால் வாய் வரும்," என்றார். ஞாயிறு பின்னேரங்களில் தோட்டத்துக்குள் தனியே நின்று வாழைக்குத் தண்ணீர் கட்டினார். ஏற்கெனவே காலையில் கட்டிய வாழைகள்தான்.

முப்பத்தோராம் நாள். காலையில் கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டிக் கிரியை முடித்து, மத்தியானம் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. அதற்கு வராமல் இருக்க அண்ணையால் முடியவில்லை. அந்தியேட்டி முடிந்த வீட்டில் போட்டு வாறன் சொல்லலாமா என்பதில் எங்கள் சங்கத்துக்குள் இரண்டு கட்சி. ஆனால் சொல்லிப் பார்க்க எந்தக் கட்சிக்கும் துணிவில்லை.

சாப்பிட்ட கையோடு சனம் கலையத் தொடங்கியது. ஒவ்வொருவராகக் கையைத் துடைத்தபடி, கமலாவதி அக்கா இருந்த பக்கம் பார்க்காமல், படலையால் நழுவினார்கள். லோஜனுக்கு அன்றைக்கே கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் வந்து நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் தாயின் முன்னால் நின்று, "அம்மா, நான்" என்று தொடங்கினான். பின்னால் நின்ற பெரியம்மா பாய்ந்து அவன் வாயைப் பொத்திவிட்டார். பொத்திய கை பொத்தியபடியே அவனை வான் வரைக்கும் கொண்டுபோனார். முப்பத்தாறு வயது ஆம்பிளை, கண் மட்டும் வெளியே தெரிய வானில் ஏறினான்.

நான் சங்கக் கதிரைகளைப் பத்துப் பத்தாக அடுக்கினேன். கடைசியாக எழும்பியவர் சீவரத்தினம் அண்ணை. முழங்காலில் கை ஊன்றவில்லை. வாயில் நாலு வெற்றிலையோடு முற்றத்தைக் கடந்து, படலையைத் தாண்டி, சைக்கிளில் ஏறிப் பத்து யார் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது வருடப் பழக்கத்தில் அவர் திரும்பாமல் போனதை நான் கண்டதே இல்லை. 

"அண்ணை."

கமலாவதி அக்கா படலைக்கு வந்திருந்தார். "என்ன, ஒண்டும் சொல்லாமல் போறியள்?"

அண்ணை சைக்கிளை நிறுத்தினார். தன் வாயைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார்.

"காலமை தொடக்கம் எத்தினை பேர் போயிட்டினம். என்ரை பிள்ளைகூட வாறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. இந்த வீட்டுக்கு இனி ஒருத்தரும் வாறேல்லை எண்டுதான் நான் நினைக்கிறதோ?"

அண்ணை தலையை ஆட்டினார். கையால் வீட்டைக் காட்டினார், வானத்தைக் காட்டினார், அக்காவைக் காட்டினார், இல்லை இல்லை என்று கையை விசிறினார். கன்னம் வெற்றிலையால் உப்பியிருந்தது. கண்ணால் நீர் வழிந்தது.

"விளங்குது," என்றார் அக்கா. "வாறது வரட்டும். நாற்பது வருசம் கேட்ட காது அண்ணை. நீங்கள் சொல்லிப்போட்டுப் போங்கோ."

அண்ணை என்னைப் பார்த்தார். செயலாளர் என்ற முறையில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அடுக்கிய கதிரைகளைத் திரும்பவும் துடைக்கத் தொடங்கினேன்.

வேலியோரம் வெற்றிலையைத் துப்பினார். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்தார். படலையடியிலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், ஆனால் அது நான்காவது. அதற்கு முந்திய மூன்றும் கிடக்கின்றனவே. அக்காவைத் தாண்டி, மாமரத்தைத் தாண்டி விறாந்தையில் ஏறினார். என் அடுக்கின் மேலிருந்து ஒரு கதிரையை உருவி, ஞாயிற்றுக்கிழமைகளில் தான் இருக்கும் இடத்தில் போட்டு இருந்தார். அக்கா பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றார். அண்ணை துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் முழங்காலில் ஊன்றினார்.