ஜெர்மனியில் அடித்த மணி

2006 ஜூனில் வடசேரியில் வாங்கிய நீள நோட்டு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. பக்கத்துக்கு ஐந்து பத்திகளாகக் கோடு போட்டிருப்பேன்: குழு, நாடு, ஆண்டு, கைக்கு வந்த வழி, சந்தேகம். கடைசிப் பத்திதான் எப்போதும் முதலில் நிரம்பும்.

காரணம் இருந்தது. இண்டஸ்ட்ரியல் மெட்டல், அதாவது கனத்த மின்கிட்டாரும் இயந்திர ஓசையும் கலந்த இசை, நாகர்கோவிலில் அன்று இரண்டு வழிகளில்தான் கிடைத்தது. ஒரே வட்டில் நூறு பாட்டுகளுக்கு மேல் அடைத்து விற்கும் கடை ஒன்று. பிரவுசிங் சென்டர் மற்றொன்று. இரண்டிலும் பெயர்களை நம்ப முடியாது. ஒரு குழுவின் பாட்டு இன்னொரு குழுவின் பெயரில் வரும். அமெரிக்கப் பாட்டு என்று எழுதியிருக்கும், பாடுபவன் ஏதோ ஸ்காண்டிநேவிய மொழியில் கத்துவான். ஆண்டு எதிலும் இருக்காது. தேதி இல்லாத எதையும் நம்பாதவன் நான். சர்ச் ஞானஸ்நானப் பதிவேட்டிலேயே என் தாத்தாவின் பிறந்த நாளைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று வீட்டில் வாதாடியவன்.

என் நண்பனை முதலில் சந்தித்தது அந்தப் பிரவுசிங் சென்டரில். பக்கத்துத் தடுப்பிலிருந்து ஹெட்போனை மீறிக் கசிந்த பாட்டைக் கேட்டு, எந்தக் குழு என்று விசாரித்தேன். அவன் சொன்ன பெயர் தவறு. தவறு என்றேன். அன்று தொடங்கிய சண்டை ஏழு ஆண்டுகள் நடந்தது. குளச்சல் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் அவனுடையது. மீன்கார வீடு. அவன் மட்டும் கடலுக்குப் போகாமல் ஐஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தான். நான் தக்கலையில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். சனிக்கிழமைகளில் இருவரும் பஸ் ஏறி வடசேரிக்கு வருவோம். காய்கறிச் சந்தைக்குப் பின்னால் ஒரு டீக்கடையில், மூட்டை இறக்குபவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, உலகத்தின் குழுக்களைப் பிரித்து அடுக்குவோம்.

குழுக்களுக்கு எங்கள் பெயர்களைத்தான் வைத்திருந்தோம். மேடையில் நெருப்பைக் கக்கும் ஜெர்மன்காரர்கள் 'தீக்காரங்க'. டிரம்மரே இல்லாமல் மெஷினை வைத்துத் தாளம் போட்ட ஆங்கிலேயர்கள் 'ரெண்டு பேரு'. எல்லாக் கருவியையும் தானே வாசித்த அமெரிக்கன் 'ஒத்தையாளு'. இவர்களில் யார் உண்மையான இண்டஸ்ட்ரியல் மெட்டல் என்பதுதான் தீராத வழக்கு.

என்னிடம் மூன்று விதிகள் இருந்தன. கிட்டார் ஒரே துண்டை மாறாமல் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். தாளம் மெஷினுடையதாக இருக்க வேண்டும், அல்லது மெஷின் போலக் கேட்க வேண்டும். கருவியிலிருந்து வராத ஓசை ஒன்றாவது இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் சேர்ப்பேன். இரண்டு மட்டும் என்றால் சந்தேகப் பத்தியில் ஒரு கோடு.

"தீக்காரங்களுக்கு மூணும் இருக்கு," என்றேன் ஒருநாள்.

"இருக்கட்டும். அவங்க பாட்டுக்குக் கல்யாண வீட்டுல ஆடலாம் கேட்டியா. மெஷினுக்கு முன்னால எவனாவது ஆடுவானா? ஆடினா கை போயிரும்."

"அப்போ ஒத்தையாளு?"

"அவன் சங்கடத்தச் சொல்லுகான். மெஷினு அவனுக்க வீட்டு வேலக்காரன். ரெண்டு பேரு அப்படியில்ல மக்கா. அவங்க பட்டறச் சத்தத்துக்குள்ள வளந்தவனுவ. மெஷினு பக்கத்துல நின்னவனுக்கும், மெஷினப் படத்துல பாத்தவனுக்கும் வித்தியாசம் உண்டு."

"அதை எப்படிக் காதால கண்டுபிடிப்பே? பிறந்த ஊர்ச் சான்றிதழ் கேப்பியா?"

"நீதான் எல்லாத்துக்கும் சான்றிதழ் கேக்குதவன். எனக்குக் கேட்டா தெரியும்."

கேட்டால் தெரியும் என்பவர்களை நான் நம்பியதில்லை. ஆனாலும் 'மெஷின் பக்கத்தில் நின்றவன்' என்று அவன் சொன்னதை நோட்டில் நான்காவது விதியாக எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

2009 இறுதியில் ஒரு வலைப்பதிவு தொடங்கினேன். இண்டஸ்ட்ரியல் மெட்டலின் வரலாறு, ஆண்டுவாரியாக, தமிழில். வாசகர்கள் கைவிரலில் அடங்குவார்கள். ஆனால் ஒரு தவறான ஆண்டு கூட அதில் இருக்கக்கூடாது என்று வைராக்கியம். மற்ற எதிலும் எனக்குப் பெயர் இல்லை; இதில் ஒன்றிலாவது 'அவன் எழுதினால் சரியாக இருக்கும்' என்று நாலு பேர் சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவன் ஒரு ஒலிநாடாவைக் கொடுத்தான். கப்பலில் வேலை பார்க்கும் அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஹாம்பர்க்கில் பழைய சாமான் சந்தையில் எடுத்ததாம். உறை இல்லை. ஒட்டியிருந்த காகிதத்தில் 1990 என்று மட்டும் இருந்தது.

"குழு பேரு?"

"பேரு கிழிஞ்சு போச்சு."

"எந்தச் சந்தை?"

"சந்தைக்குப் பேரு கேட்டுட்டு வரதுக்கா அவன் கப்பல்ல போனான்? கேளுலே மொதல்ல. கேட்டுட்டு அது என்னண்ணு எழுது. நட்புக்குண்ணு எழுதாத."

கடைசி வாக்கியம் எனக்கு உறுத்தியது. யாரோ ஒரு ஜெர்மன்காரனை நான் எதற்கு நட்புக்காகப் பாராட்டப் போகிறேன்?

கேட்டேன். ஏதோ கடினமான பொருளை அரைக்கும் இயந்திரம், சீராக. அதன்மேல் நான்கே சுரங்களில் ஒரு கிட்டார், இரக்கமில்லாமல், திரும்பத் திரும்ப. நடுவில் கிட்டார் நிற்கிறது. பிறகு இயந்திரத்தின் ஒலி தாழ்ந்து தாழ்ந்து, உறுமி, அடங்குகிறது. மௌனம். தூரத்தில் ஒரு மணி: மூன்று அடி, இடைவெளி, மூன்று அடி, இடைவெளி, மூன்று அடி. அப்புறம் தொடர்ந்து அடிக்கிறது. அது ஓயும்போது வேறொரு இயந்திரம் இருமிக்கொண்டு கிளம்ப, கிட்டார் மறுபடி நுழைகிறது. ரோமம் சிலிர்த்தது.

ஆனாலும் நம்பவில்லை. இணையத்தில் மூன்று மாதம் தேடினேன். எதுவும் இல்லை. சந்தேகப் பத்தியில் மூன்று கோடுகள்: பெயர், ஆண்டு, வந்த வழி. கடைசியில் என்னை நம்ப வைத்தது அந்த மணி. எங்கள் புராட்டஸ்டன்ட் சபையில் ஞாயிறு ஆராதனைக்கும் சாவுக்கும் தவிர மணி அடிக்காது. அடிப்பதிலும் இப்படி மூன்று மூன்றாக எண்ணுகிற வழக்கம் இல்லை. ஐரோப்பாவைப் பற்றிய பயண நூல் ஒன்றில், ஜெர்மானிய ஊர்களில் நண்பகலில் கோயில் மணி முறையாக ஒலிக்கும் என்று வாசித்திருந்தேன். இது நம் ஊர் மணி அல்ல; ஆகவே ஜெர்மன் மணி. 1990-ஆம் ஆண்டின் கீழ் நீண்ட பதிவொன்று எழுதினேன். இயந்திரம் அடங்குவதை வேலைநிறுத்தத்தின் குறியீடு என்றேன். நான்கு விதிகளுக்கும் பொருந்திய ஒரே பாட்டு இதுதான் என்று முடித்தேன்.

பதிவு வெளியானபின் அடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் அவன் அதிகம் பேசவில்லை. டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஊரில் நாலு பேரோடு சேர்ந்து என்னைக் கேலி செய்கிறானோ? கப்பல் அண்ணன் லீவில் வந்திருப்பதாக வாய்தவறிச் சொன்னான். ஒரு விடுமுறை நாளில், சொல்லாமல் கொள்ளாமல், அந்த அண்ணனை விசாரிக்கப் பஸ் ஏறினேன். நான்கு ஆண்டுகளில் நான் அவன் ஊருக்குப் போவது அதுதான் முதல்முறை.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அரைக்கிற சத்தம் கேட்டது. நாடாவில் இருந்த அதே சத்தம். ஐஸ் கம்பெனி எங்கே என்று டீக்கடையில் கேட்க வாயெடுத்தேன். சத்தம் தாழ்ந்தது, உறுமியது, அடங்கியது.

"கரண்டு போச்சு," என்றார் டீக்கடைக்காரர். அந்த ஆண்டுகளில் ஊருக்கு ஊர் நேரம் வைத்து மின்சாரத்தை நிறுத்துவார்கள்.

மூன்று அடி. மூன்று அடி. மூன்று அடி. டீக்கடைக்காரர் ஆற்றிய டம்ளரை வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். மீன்கூடையோடு போன பெண் ஒருத்தி கூடையை இறக்காமலே நின்று உதடுகளை அசைத்தாள்.

"இது என்ன மணி?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பன்னிரண்டு மணி செபம். கத்தோலிக்கக் கோயில்ல தெனமும் மூணு நேரம் அடிக்கும். நீரு எந்த ஊரு?"

தக்கலை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்தப் பக்கம் ஜெனரேட்டர் இருமத் தொடங்கியது.

கம்பெனிக்குள் ஐஸ் அரைக்கிற மெஷின் பக்கத்தில் அவன் இருந்தான். மூலையில் சாக்கு போர்த்திய ஒரு கிட்டாரும், பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டரும் இருந்தன. என்னைக் கண்டதும் கையைத் துணியில் துடைத்தான். ஓடவில்லை. தப்பிக்கும்படி எதுவும் சொல்லவுமில்லை.

"அண்ணனப் பாக்கவா வந்தே? அவன் இதுவரைக்கும் ஜெர்மனி போனதில்ல மக்கா."

"என்னை முட்டாளாக்கி ஊரோட சேர்ந்து சிரிச்சியா?"

"ஊருல ஒருத்தனுக்கும் தெரியாது. எனக்க அம்மைக்கே தெரியாது."

"பின்னே எதுக்கு ஜெர்மனி?"

"நான் போட்ட பாட்டுண்ணு தந்திருந்தா என்ன எழுதியிருப்பே? உள்ளதச் சொல்லு. 'நல்ல முயற்சி'ண்ணு எழுதியிருப்பே. தலையில தட்டிக் குடுத்திருப்பே."

அதே சொற்கள்தான் என் மனதில் இருந்தன.

"ஜெர்மன்காரன் பண்ணினா இண்டஸ்ட்ரியல். எனக்க மெஷினு பண்ணினா ஐஸ் கம்பெனிச் சத்தம். இல்லியா? எலே, கரண்டு போனத வேலைநிறுத்தம்ணு எழுதினியே, கரண்டு ஆபீஸ்காரனுக்கு அப்படியொரு மரியாத ஒருத்தனும் குடுத்ததில்ல." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "அழிச்சிராத. ஊரையும் வருசத்தையும் மாத்து. மத்ததுல ஒரு வார்த்த மாத்தப்பிடாது."

அன்று மாலையே திருத்த உட்கார்ந்தேன். நாட்டை மாற்றினேன், ஆண்டை மாற்றினேன். அதற்குப்பின் கை தானாக மற்ற வரிகளுக்குப் போனது. 'இரக்கமில்லாத கிட்டார்' என்ற இடத்தில் 'தேர்ச்சியில்லாத' என்று போடத் தோன்றியது. வேலைநிறுத்தம் என்ற வரியை நீக்கத் தோன்றியது. கேட்ட பாட்டு அதே பாட்டு. கேட்ட காது அதே காது. எதைச் சந்தேகிப்பது என்று தெரியாமல் பதிவை அப்படியே மூடிவைத்தேன்.

ஒரு கேள்வி மட்டும் அரித்தது. மின்சாரம் போனது தற்செயல் என்றால், அவன் ஏதோ பதிவு செய்துகொண்டிருந்தான், ஊர் குறுக்கே வந்தது, அவ்வளவுதான். அது பாட்டே அல்ல. தெரிந்தே செய்திருந்தால் கதை வேறு. அடுத்த சனிக்கிழமை கேட்டேன்.

"இத ஜெர்மன்காரன்ட்ட கேப்பியா?" என்றான். டீயை ஊதத் தொடங்கினான்.

நாடாவை மறுபடி போட்டேன். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். கேட்க வேண்டியது முதல் நாளே என் குறிப்பில் இருந்தது: 'நடுவில் கிட்டார் நிற்கிறது. பிறகு இயந்திரத்தின் ஒலி தாழ்கிறது.' இந்த வரிசைதான் விடை. மின்சாரம் போய்க் கிட்டார் நிற்கவில்லை. போவதற்கு நான்கு சுற்றுகள் முன்பே அவன் கையை எடுத்துவிட்டான். மின்சாரம் எப்போது போகும், மணி எப்போது அடிக்கும், ஜெனரேட்டரை முடுக்க எத்தனை நொடி வேண்டும் என்று தெரிந்தவன் மட்டுமே அந்த இடத்தில் நிறுத்த முடியும். ஊரை வாசிக்கத் தெரிந்தவன்.

பதிவில் நாடும் ஆண்டும் தவிர ஒரு சொல்லும் மாற்றாமல் வெளியிட்டேன். மறுநாளே ஒரு வாசகர் எழுதினார்: 'அப்படியானால் இது இண்டஸ்ட்ரியல் மெட்டல் இல்லை, ஐஸ் கம்பெனி இரைச்சல். முன்பு பாராட்டியதற்கு வருத்தம் தெரிவிப்பீர்களா?'

கிட்டார் எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள், பேசலாம் என்று பதில் போட்டேன். அவர் வரவில்லை. நோட்டில் அந்தப் பாட்டுக்கு எதிரே இருந்த மூன்று கோடுகளையும் அழித்தேன். நான்காவது விதியின் பக்கத்தில் இருந்த கேள்விக்குறியையும்.