நார் பிடித்து வைத்த ஈயம்

அந்தமான் பாம்பூஃப்ளாட்டில் எங்கள் கிணற்றுக்கு நாலடி தள்ளி அப்பா ஈயம் உருக்குவார். படகுகளில் கழித்துப்போட்ட பேட்டரியை உடைத்து, தகட்டைச் சட்டியில் காய்ச்சி, வலைக்குக் குண்டு வார்ப்பார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த நாள் முதல் அதே இடம். குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கொரு முறைதான் என்பதால் குடிக்கவும் அந்தக் கிணறுதான்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மெயின்லேண்டில் எம்.எஸ்ஸி. வேதியியல். ப்ராஜெக்டுக்காக அந்தக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தேன். குடிக்கக் கூடாத அளவு ஈயம் இருந்தது. அக்கா தலைப்பிரசவத்துக்கு அப்போது வீட்டுக்கு வந்திருந்தாள்.

அப்பாவிடம் சொன்னேன்.

"இந்தத் தண்ணியக் குடிச்சுத்தானல நீ எம்எஸ்சி படிச்ச? மூள கெட்டா போச்சு?"

உருக்குவதை அவர் நிறுத்தப்போவதில்லை. லீவில் வந்து நானே ஒரு வடிகட்டி செய்தேன். தேங்காய் மட்டையை இடித்து, அலசி, டிரம்மில் மணலுக்கு மேல் அடைத்தேன். வடிந்த தண்ணீரில் ஈயம் வெகுவாகக் குறைந்திருந்தது. "நாரு பஞ்சு மாரி ஈயத்தப் புடிச்சு வச்சுக்கிடும்மா. வாரத்துக்கொருக்க பழச எடுத்துட்டுப் புதுசு போடணும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கப்பலேறினேன். பெருமையாகத்தான் இருந்தது.

பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழித்து வந்தேன். முற்றத்துத் தார்ப்பாயில் நெத்திலிக்குப் பக்கத்தில் பழுப்பு நார் காய்ந்துகொண்டிருந்தது.

"இது என்னம்மா?"

"உன் டிரம்முல எடுத்ததுதான். காயவச்சா நல்லா எரியுது. அக்காவுக்கு வெந்நீர் போடுறதே இதுலதான்."

அடுப்படியில் அந்தச் சாம்பலைத் தொட்டு அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கையில் பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்கு.

நார் எரிந்தாலும் அது பிடித்த ஈயம் சாம்பலிலேயே தங்கிவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன். "புடிச்சு வச்சுக்கிடும்னுதானல சொன்ன. எரிச்சா சாம்பல்ல நிக்கும்னு சொல்லலியே."

சொல்லவில்லை. மட்டையை வீசியெறியாமல் அடுப்பெரிக்கும் வீட்டில் பிறந்தும், சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. என் ப்ராஜெக்டின் கடைசிப் பக்கத்தில் 'பயன்படுத்திய நார் பாதுகாப்பாக அகற்றப்பட வேண்டும்' என்று ஒரு வரி உண்டு. எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நல்ல மதிப்பெண் போட்டார்கள்.

அப்பா மட்டும் கேட்டார். "என் ஈயம் வலையோட கடல்ல கிடக்கு. உன் ஈயத்த எங்க கொண்டுபோயி வச்ச பாத்தியால, விஞ்ஞானி?"

பிள்ளையின் ரத்தத்தை மெயின்லேண்டுக்கு அனுப்பியிருக்கிறோம். நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்தினார்கள். முடிவு இன்னும் வரவில்லை. மிச்ச நாரையும் சாம்பலையும் சாக்கில் கட்டி என் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். இந்தத் தீவில் அதை வாங்கிக்கொள்ள ஓர் இடமும் இல்லை. குழாய்த் தண்ணீர் வரும் நாளில் அக்கா சங்கைத் தானே கழுவுகிறாள். நான் கை நீட்டினால் தருவதில்லை.