படியில்லாத வீடு

கிருலப்பனையில் அந்த வீட்டு வாசலைத் தாண்டியதுமே சரோஜினிதேவி கையெடுத்துக் கும்பிட்டார். சாமி படத்தை அல்ல, தரையை. தெருவிலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து கூடம், கூடத்திலிருந்து அறை என்று எல்லாம் ஒரே மட்டம்.

"பார் பிள்ளை, ஒரு படிகூட இல்லை," என்றார் மருமகளிடம். "இனி என்ன பயம்?"

உஷாந்தி தலையை ஆட்டினாள். மூன்று வருடமாக ஆட்டிப் பழகிய தலை.

காலையில் கணவன் வினோதன், "ஒரு இடத்துக்குப் போவம், வெளிக்கிடும்," என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். கடற்கரைக்காக்கும் என்று அவள் மகளுக்குத் தொப்பிகூட எடுத்து வந்திருந்தாள். ஓட்டோ கடல் பக்கம் போகாமல் கிருலப்பனைப் பக்கம் திரும்பியபோதே அவளுக்கு விளங்கிவிட்டது. இப்படி ஒரு நாள் வரும் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமையில், இவ்வளவு சந்தோஷமாக வரும் என்றுதான் தெரியாது.

வீட்டுக்காரரின் மனைவி றமீலா சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு முன்னே நடந்தார். "இது பெரிய ரூம். இது புள்ளைட ரூம். ரெண்டு கட்டில் தாராளமாப் போடலாம்."

"ரெண்டும் வேணும்," என்றார் சரோஜினிதேவி. "அதுக்குத்தானே வீடே பாக்கிறம்."

"அப்பிடியா சங்கதி!" றமீலா உஷாந்தியை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "மாமிக்கு அவசரம் ஈக்கிது போல. உங்களுக்கு எப்பிடி மகள்?"

உஷாந்தி ஜன்னலைத் திறந்து பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். பின்னேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். வேறு ஒரு குடும்பமும் வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறதாம். வீட்டுக்கு ஓம் என்றால் இரண்டாவது பிள்ளைக்கும் ஓம். யாரும் அப்படிச் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை.

மகள் யதுஷா பிறந்தது ஏழாம் மாதத்தில். நாடு முழுக்க மின்வெட்டு நடந்த காலம். வெள்ளவத்தையில் அவர்கள் இருப்பது ஐந்தாம் மாடி, லிப்ட் பாதி நாள் நின்றுவிடும். வேலையால் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்குவாள். ஒரு நாள் மத்தியானம், சமையலறையில் நின்றபடியே, நோவு ஒன்றும் இல்லாமல் பன்னீர்க்குடம் உடைந்தது. வினோதன் பெற்றோல் வரிசையில் நின்றான். எதிர்வீட்டு ஆட்கள் அவளைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, மாடி மாடியாக இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியின் ஓட்டைக்குள் கை விட்டு, ஒரு விரலால்தான் பிள்ளையைத் தொட விட்டார்கள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்தபோதும் பிள்ளை ஆஸ்பத்திரியில்தான். ஐயர் வந்து வீடெல்லாம் தீர்த்தம் தெளித்தார். பிள்ளையின் தலையில் தெளிப்பதற்கென்று மாமி கொஞ்சத்தை மருந்துப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தார். வார்டு வாசலில் நர்ஸ் அதைப் பார்த்து, "மொகக்த மே?" என்று சிங்களத்தில் கேட்டாள். என்ன இது. "வத்துர," என்றாள் உஷாந்தி. தண்ணீர். நர்ஸ் தலையை ஆட்டி மறுத்தாள். உஷாந்தி அதைத் தன் தலையிலேயே தெளித்துக்கொண்டு, கை கழுவிவிட்டு உள்ளே போனாள்.

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்தது. அதன் பிறகுதான் காரணம் தேடும் படலம் தொடங்கியது. அன்னாசி சாப்பிட்டாள் என்றது ஒரு வாய். வத்தளைக் கலியாணத்துக்குப் பஸ்ஸில் போனாள் என்றது இன்னொன்று. ஒபிஸ் ஏசிக் குளிர், நாவூறு, வேலையை விடாத பிடிவாதம் என்று எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் விரல் அவள் பக்கமே நீண்டது. டொக்டரோ எல்லாப் பரிசோதனையும் செய்து, எல்லாம் சரி என்றார். "சில நேரம் ஏன் எண்டு எங்களுக்கும் தெரியிறேல்லை. அடுத்த முறை ஆரம்பத்திலேயே வாங்கோ, கவனமாப் பாப்பம்."

உஷாந்திக்கு இன்சூரன்ஸ் கொம்பனியில் வேலை, வாகன விபத்துப் பிரிவு. அங்கே காரணம் இல்லாத கோப்பு நகராது. மழை, பிரேக், மாடு என்று எதையாவது எழுதியாக வேண்டும். வீட்டிலும் அப்படித்தான் ஆயிற்று. ஒரு நாள் மாமி பெருமூச்சு விட்டு, "எல்லாம் அந்தப் படி ஏறினதாலதான் பிள்ளை," என்றபோது, அவள் களைப்பில் தலையாட்டிவிட்டாள். படிமேல் பழி விழுந்தால் யாருக்கும் நோகாது என்று அன்றைக்குத் தோன்றியது.

அந்தத் தலையாட்டலுக்குத்தான் இப்போது வீடு பார்த்திருக்கிறார்கள்.

யதுஷா கூடத்துக்கும் முற்றத்துக்கும் இரண்டு தரம் ஓடிப்போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அம்மா, படி எங்க?"

"இங்க படி இல்லையடா செல்லம்."

"அப்ப எப்பிடி வீட்டுக்குப் போறது?"

றமீலா வாய்விட்டுச் சிரித்தார். "ஏழு மாசத்துப் புள்ள எண்டு மாமி சொன்னாங்க. இந்த வாய் பத்து மாசம் முழுக்க உள்ளுக்க இருந்த வாய் போல ஈக்கே!"

உஷாந்தி சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியில் நின்றது. பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். வினோதன் பின்னாலேயே வந்தான்.

"வீடு பிடிக்கேல்லையோ?"

"வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை."

"பிறகேன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கிறீர்?"

அவள் கிணற்று மூடியின் துருவை நகத்தால் சுரண்டினாள். "படியால ஒண்டும் நடக்கேல்லையப்பா. ஏன் நடந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இங்க வந்து மெத்தையிலயே கிடந்தாலும் திரும்ப நடக்கலாம். திரும்ப அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில என்னால நிக்கேலாது."

கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் பக்கத்தில் வந்து கிணற்றுக்கட்டில் சாய்ந்துகொண்டான்.

"எனக்குத் தெரியும். டொக்டர் சொல்லேக்க நானும் பக்கத்திலதானே இருந்தனான்."

"பிறகேன் வீடு பாத்தனீங்கள்?"

"அண்டைக்கு நான் பெற்றோலுக்கு நிண்டனான். நான் வந்து சேரேக்க பிள்ளை பிறந்திட்டுது. படி எண்டு அம்மா சொன்ன நேரம் எனக்கு நிம்மதியா இருந்தது. படி எண்டா ஒரு வேலை செய்யலாம். வீடு மாறலாம்." அவள் பக்கம் திரும்பினான். "அப்ப இன்னொரு பிள்ளை வேண்டாம் எண்டு சொல்லுறீரோ?"

"வேண்டாம் எண்டு சொல்லேல்லை. பயமா இருக்கு எண்டு சொல்லுறன். இவ்வளவு காலமா எல்லாரும் எப்ப, எப்ப எண்டுதான் கேட்டவை. பயமோ எண்டு ஒராளும் கேக்கேல்லை."

அவன் அவளுடைய கையைப் பிடித்து, நகத்திலிருந்த துருவைத் துடைத்துவிட்டான். அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

உள்ளே போய் அவளேதான் மாமியிடம் சொன்னாள். படி காரணம் இல்லை என்று. வீடு இப்போதைக்கு வேண்டாம் என்று. முதலில் டொக்டரிடம் போய், இன்னொன்று வந்தால் என்னென்ன செய்வார்கள் என்று கேட்க வேண்டும், கேட்ட பிறகும் பயம் போகாவிட்டால் யதுஷா ஒருத்தி போதும் என்று. சொல்லும்போது குரல் ஏறவில்லை. அதற்கும் தெம்பு இருக்கவில்லை.

சரோஜினிதேவி தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கும்பிட்ட தரை.

"டொக்டருக்கே தெரியாதாமோ?"

"தெரியாதாம் மாமி."

"அப்ப வேற டொக்டரைச் சனல் பண்ணிப் போய்க் காட்டுங்கோ. இவ்வளவு படிச்சுப்போட்டுத் தெரியாதாம்!" கோபம் யார்மீது என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு, பாதி தனக்கும் பாதி மருமகளுக்குமாக, "நானும் வரட்டோ?" என்றார்.

"வாங்கோ."

றமீலா சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். "வீடு எங்கயும் கிடைக்கும் மகள். நீங்க ஒங்கட ஒடம்பப் பாருங்க."

வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தபோது லிப்ட் வேலை செய்தது. மாமி அதில் ஏறிப் போனார். யதுஷா ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தாள். அவளுக்குப் படிதான் வேண்டும். கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, முன்னால் ஏறினாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் உஷாந்தி நின்றாள். அப்படியே படியில் இருந்துவிட்டாள். வினோதன் தொப்பியையும் பையையும் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தான்.

மேலேயிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "வாங்கோவன் அம்மா!"

"போவமோ?" என்று வினோதன் கேட்டான்.

"கொஞ்சம் இருங்கோ," என்றாள் உஷாந்தி. "களைச்சுப்போனன்."

கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போனது. அது போய் முடியும் வரை இருந்தார்கள்.