ஒராளுக்குக் கேக்கிறன்

புதிய விதிகளைத் தொழிலாளருக்கு விளக்குவது என் வேலை; அது அவர்களுக்கு விளங்கியதா என்று கண்டுபிடிக்க யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை. லண்டன் ஹவுன்ஸ்லோவில், விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் கிச்சன் ஒன்றின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். அந்தப் பிரிவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதே மாதிரிக் கதிரையில் இருப்பவர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

கூட்டம்

கன்ரீனில் திரை கட்டினோம். முன்பெல்லாம் சுகமில்லை என்று நின்றால் முதல் மூன்று நாளுக்குச் சம்பளம் கிடையாது. இனி முதல் நாளிலிருந்தே உண்டு. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்குப் போகும் நாளுக்கும் கொம்பனி தன் பங்குக்குச் சம்பளம் தரும். மனேச்சர் ஆங்கிலத்தில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். கேள்விகள் உண்டா என்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் விளங்கிவிட்டது என்று மனேச்சருக்கு மகிழ்ச்சி.

வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது ராசன் அண்ணை பக்கத்தில் வந்தார். பாரிஸில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, எனக்கில்லை, ஒராளுக்குக் கேக்கிறன். சுகர் இருக்கெண்டு சொன்னா வேலையால நிப்பாட்டுவினமோ?”

போனில் டொக்டர்

அதோடு இலவச டொக்டர் சேவையும் வந்தது. போன் எடுத்தால் ஒரு டொக்டர் பேசுவார். பெயரைப் பதிய எல்லோருக்கும் தயக்கம். ராசன் அண்ணை மட்டும் பதிந்தார். இடைவேளையில் அவருடைய போனைச் சுற்றி ஒரு கூட்டம். முழங்கால் நோ, தலைச்சுற்று, நெஞ்செரிவு என்று ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல, அவர் எல்லாவற்றையும் தன் பெயரிலேயே டொக்டரிடம் ஒப்புவித்தார்.

பிறகு என் மேசைக்கு வந்தார். முகம் சரியில்லை.

“என்னை உடனே நேரில வரட்டாம். ஒரு உடம்பில இவ்வளவு வருத்தத்தை அந்த டொக்டர் மனுசி கண்டதே இல்லையாம்.”

கட்டி

மனோ அக்கா தட்டுகளில் கரண்டி வைக்கிற வரிசையில் நிற்பவர். அவரும் ஒராளுக்குத்தான் கேட்டார். அந்த ஆளுக்கு ஒரு கட்டியாம். எங்கே என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் பரிசோதனைக்குக் கூப்பிட்டும் போகவில்லையாம். லீவு கேட்டால் ஷிப்டைக் குறைத்துவிடுவார்கள் என்று பயமாம்.

“குறைக்க ஏலாது, அக்கா. சம்பளமும் வரும். அந்த ஆளை உடனே போகச் சொல்லுங்கோ.”

“சொல்லிப் பாத்திட்டன். அவவுக்குப் பயம்.”

“ஆஸ்பத்திரிக்கோ?”

“சீ, மனேச்சருக்கு. ஆஸ்பத்திரி பாவம், அது என்ன செய்யும்?”

பெயர்

அடுத்த கிழமையும் மனோ அக்கா வந்தார். மூன்றாம் தரமும் கூப்பிட்டிருக்கிறார்களாம். இந்த முறை அந்த ஆள் போகத்தான் வேண்டும் என்று இரண்டு பேருமே ஒத்துக்கொண்டோம். ஆனால் லீவு போட எனக்குப் பெயர் வேண்டும். அதைச் சொன்னேன்.

மனோ அக்கா தலையில் இருந்த வலைத்தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். பிறகு கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை என் பக்கம் நீட்டிவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதில இருக்கிறதை எழுதுங்கோ. மற்றவைக்கு ஒராள் எண்டே இருக்கட்டும்.”

தகவல்

பரிசோதனையைத் தொடர்ந்து ஒப்பரேசனும் நடந்தது. அவரைப் பற்றி யாரும் என்னிடம் விசாரிக்கவில்லை. ஒராளுக்கு எப்படி என்று மட்டும் பலர் கேட்டார்கள். ஒருநாள் காலை போன் வந்தது. மனோ அக்காவின் குரல்தான்.

“தம்பி, ஒராளுக்குப் பயப்பட ஒண்டுமில்லையாம். திங்கட்கிழமை வேலைக்கு வருவா. ஆனா பாரம் தூக்க ஏலாதாம், பாத்து ஷிப்ட் போடுங்கோ.”

எங்கள் கிச்சனில் நோயெல்லாம் அந்த ஒராளுக்கே வருவதால், மற்ற எல்லோரும் நல்ல சுகம்.